ஆராய்ச்சிக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்

பட்டான்செருவில் குடியிருக்கும் நம் சங்க அன்பர்களுக்கு இக்ரிசாட் என்ற பெயர் புதிதல்ல. 1972-ல் தொடங்கிய சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றில் ஆராய்ச்சி நடக்கும் இடம் என்பது வரை நாம் அறிவோம். அங்கே விளைந்த இன்னொரு பயிரைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அதுதான் புள்ளிவிவரம்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளின் வரவு செலவைக் கேட்டு எழுதி வந்தாள். ஒரு நாள் மாலை முகம் வாடி வந்து, "மாமா, ஆறு மாச உழைப்பு வீணாப் போச்சு" என்றாள்.

நடந்தது இதுதான். தெலங்கானாவில் 40 குண்டா ஓர் ஏக்கர். உதவிக்குப் போன இருவரில் ஒருவர் 2 ஏக்கர் 20 குண்டாவை 2.20 என்று எழுதியிருக்கிறார். மற்றவர் அதையே 2.5 ஏக்கர் என்று எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கூலிக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்ட இடங்களும் நிறைய. கூலியே இல்லையா, கேட்க மறந்தார்களா என்பது யாருக்கும் நினைவில்லை. எல்லாம் முடிந்த பிறகே பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவர உதவிப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தவர் பத்து நிமிஷத்தில் குறையைக் கண்டுபிடித்துவிட்டு, "கேள்வித்தாள் தயாரிக்கும்போதே வந்திருக்கலாமே அம்மா" என்றாராம்.

ரயில்வேயில் பாலத் தூண்களில் அதிகபட்ச வெள்ள மட்டத்தைப் பெயிண்டில் குறித்து வைப்போம். எந்த மட்டத்திலிருந்து, எந்த வருஷம் அளந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் பெயிண்ட்தான். ஆராய்ச்சியிலும் எண்களின் கதி அதுவே.

இனி இக்ரிசாட் கதைக்கு வருவோம். 1975-ல் அந்நிலையத்தார் மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா மாவட்டங்களில் ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்துக்கு 40 குடும்பங்கள், மொத்தம் 240. அதில் நிலமில்லாத கூலிகளும் அடக்கம். விவசாயம் படித்த, அந்த வட்டார மொழி பேசும் இளைஞர்கள் அந்தந்தக் கிராமத்திலேயே தங்கினார்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே குடும்பங்களிடம் போய் விதை, கூலி, கடன், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். சுமார் பத்து ஆண்டுகள் இப்படி நடந்தது. 2001-ல் மீண்டும் தொடங்கி, 2009-லிருந்து கிழக்கு இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் விரிந்தது.

எழுதியதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுத்தார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் டவுன்செண்ட் அந்த எண்களை வைத்து 1994-ல் 'எகனாமெட்ரிகா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குடும்பத்துக்கு வருமானம் குறைந்தாலும் அதன் சாப்பாட்டுச் செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை, கிராமத்தின் பொது நிலையை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்று கண்டார். அதாவது, கஷ்ட காலத்தில் கிராமத்தார் ஒருவருக்கொருவர் ஓரளவு தாங்கிக்கொள்கிறார்கள். உலகமே அந்தக் கட்டுரையைப் பேசியது.

1997-ல் அதே இதழில் மார்ட்டின் ரவாலியனும் ஷுபம் சௌதுரியும் மறுப்பு எழுதினார்கள். குடும்பச் செலவைக் கணக்கிட்ட முறையிலேயே குறை இருக்கிறது, வேறு விதமாகக் கணக்கிட்டால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவு பலமாக இல்லை என்பது அவர்கள் வாதம். பஞ்ச காலத்தில் ஏழைக்கு அரசாங்கம் உதவ வேண்டுமா, ஊரே பார்த்துக்கொள்ளுமா என்ற பெரிய கேள்விக்கான பதில், 'செலவு' என்ற ஒரு சொல்லை எப்படி அளந்தார்கள் என்பதில் தொங்கியது பாருங்கள். அளந்த விதத்தை எழுதி வைத்திருந்ததால்தான் இந்த விவாதமே நடக்க முடிந்தது.

1938-ல் கல்கத்தாவில் கூடிய இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ரொனால்ட் ஃபிஷர் என்ற மேதை, சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போல என்ற பொருளில் பேசினார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் பிள்ளைகள் அதே தவற்றைச் செய்கிறார்கள்.

எனவே ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: முதல் கேள்வித்தாளை அச்சிடுமுன் புள்ளிவிவர உதவிப் பிரிவைப் பாருங்கள். எண்களை நீட்டாமல், எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பத்துக் குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டமும் எந்த அளவில் என்பதையும், 'இல்லை', 'கேட்கவில்லை' இரண்டுக்கும் தனித்தனிக் குறியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூலப் பிரதியைத் திருத்தாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது விவசாயியின் பெயரை நீக்கிவிடுங்கள். உதவியவரின் பெயரையோ கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அவர் குமாஸ்தா அல்ல, உங்கள் கூட்டாளி.

எங்கள் தெருப் பெண் இப்போது புதிய கேள்வித்தாளோடு மறுபடி கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இம்முறை உதவிப் பிரிவுக்காரர் வரிக்கு வரி பார்த்துக் கொடுத்தது. படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது என்று அவள் அம்மாவுக்கு வருத்தம்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று ஊர் ஊராக ஆராய்ச்சியில் இருக்கிறார்கள். போன் செய்யும்போதெல்லாம் "தீசிஸ் எப்போது முடியும்?" என்று கேட்கிறோம். இனி, "கணக்குப் பார்ப்பவரைப் பார்த்துவிட்டாயா?" என்றும் கேட்டு வைப்போம்.