சீலிங்கை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்க

இன்றைக்குப் பேசப்போவது வீட்டு சீலிங்கில் செய்யும் அலங்கார வேலைகளைப் பற்றி. சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் ஓடும் கார்னிஸ், ஃபேனைச் சுற்றி இருக்கும் பூ டிசைன், ஓரத்தில் லைட்டை ஒளித்து வைத்த ஃபால்ஸ் சீலிங், இது எல்லாமே இதில் அடக்கம்.

நான் இன்டீரியர் சைட்டுகளில் வேலையை மேற்பார்வை பார்க்கிறவன். புதுசா ஃப்ளாட் வாங்கினவங்க என்னிடம் வரும்போது போன்ல 40, 50 ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருப்பாங்க. "இந்த மாதிரி வேணும்"னு காட்டுவாங்க. டிசைன் என்ன, கலர் என்ன, லைட் வெள்ளையா மஞ்சளான்னு நிறைய கேட்பாங்க. "இது எதைப் பிடிச்சுக்கிட்டு மேல நிக்குது?"ன்னு கேட்கிறவங்க ரொம்பக் கம்மி. ஆனால் உங்கள் தலைக்கு மேலே இருக்கப்போகிற பொருள் அது. அது நல்லா நிற்குமா, இரண்டு மழைக்காலத்தில் பல்லைக் காட்டுமா என்பது மூடப்படுகிற பகுதியில்தான் முடிவாகிறது. பெயிண்ட் அடித்த பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

கார்னிஸ் எதுக்கு?

அழகுக்கு மட்டும் இல்லை. உங்கள் ஃப்ளாட்டில் சுவர் செங்கல்லாலோ பிளாக்காலோ கட்டியது. மேலே இருப்பது கான்கிரீட் ஸ்லாப். வெயிலில் இரண்டும் ஒரே அளவுக்கு விரிவதில்லை. அதனால் இரண்டும் சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் விழும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் சென்னை வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம் தெரியும். எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும். அந்தக் கோட்டைக் கண்ணில் படாமல் மறைக்கிற வேலையைத்தான் கார்னிஸ் செய்கிறது.

எதில் செய்கிறார்கள்?

நம்ம ஊரில் அதிகம் பார்ப்பது பிஓபி, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் என்கிற கல்லைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால், அதற்குள் கட்டுண்டு இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய் பவுடர் ஆகிவிடும். அந்தப் பவுடரில் தண்ணீர் ஊற்றினால் போன தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகும். இறுகும்போது நல்லா சூடாகும். பாரிஸ் நகரத்தை ஒட்டி ஜிப்சம் நிறையக் கிடைத்ததால் இந்தப் பெயர். கலந்த சில நிமிஷத்தில் இறுக ஆரம்பிப்பதால் வேலை செய்கிறவர் வேகமாகவும் சரியாகவும் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஜிப்சம் போர்டு. அதே ஜிப்சத்தை இரண்டு பக்கமும் தடித்த பேப்பர் ஒட்டிப் பலகையாகச் செய்தது. சீலிங்குக்குப் பொதுவாக 12.5 மில்லிமீட்டர் தடிமன். ஃபால்ஸ் சீலிங் பெரும்பாலும் இதில்தான்.

மூன்றாவது, பாலியூரித்தேன் கார்னிஸ். எடை குறைவு, பூ வேலைப்பாடு கூர்மையாக இருக்கும், தண்ணீரைக் குடிக்காது. ஆனால் இது பிளாஸ்டிக் வகை, நெருப்பில் எரியும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நெருப்பு பட்டால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும் என்பதால் சூடு மேலே போக நேரம் எடுக்கும். அதனால் அடுப்புக்கு மேலே பாலியூரித்தேனும் தெர்மாகோலும் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். பிஓபியும் ஜிப்சம் போர்டும் தொடர்ந்து ஈரம் பட்டால் ஊறி வலுவை இழக்கும். பாத்ரூமில் போட்டே ஆகணும்னா ஈரம் தாங்கும் வகை போர்டைக் கேளுங்க.

வேலை தொடங்கும் முன் மூணு விஷயம்

முதல் விஷயம் கசிவு. மேலே மொட்டை மாடியா? இல்லை, மேல் வீட்டு பாத்ரூமா? மொட்டை மாடி என்றால் ஒரு ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மேல் வீட்டு பாத்ரூம் என்றால், அவங்ககிட்ட பேசி வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லலாம். ஸ்லாபில் ஏற்கெனவே இருக்கும் கறையை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடாதீங்க. மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் சத்தமில்லாமல் போர்டில் தேங்கும். கம்பி துருப்பிடிக்கும். உங்களுக்குத் தெரிய வரும்போது போர்டு வயிறு தொங்கியிருக்கும்.

இரண்டாவது உயரம். தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும், அதாவது சுமார் 9 அடி. ஏசி அறைக்கு 2.4 மீட்டர். இது சீலிங்கின் தாழ்ந்த இடம் வரைக்குமான அளவு. தரைக்குத் தரை 10 அடி இருக்கிற ஃப்ளாட்டில் ஸ்லாபும் டைல்ஸும் போக, கையில் இருப்பது சுமார் 9 அடி 4 அங்குலம். அதில் 6 அங்குலம் இறக்கினால் 9 அடிக்குக் கீழே போய்விடும். அந்த மாதிரி வீட்டுக்கு நான் கார்னிஸ் மட்டும் போதும் என்பேன். அது மூலையில் உட்காரும், அறையின் உயரத்தில் கை வைக்காது, செலவும் குறைவு.

மூன்றாவது வயர். ஸ்லாப் போடும்போதே அதற்குள் கரண்ட் பைப் புதைத்திருப்பார்கள். ஃபேன் பாக்ஸிலிருந்து சுவிட்ச் போர்டு பக்கமாக அது எந்த வழியில் போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு, சீலிங்கில் பென்சில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்க. அதற்கப்புறம்தான் டிரில்லிங் மிஷின் மேலே போக வேண்டும்.

கார்னிஸ் உட்காருவது எப்படி?

நல்ல ஆள் முதலில் லேசர் லெவல் வைத்து நாலு சுவரிலும் கோடு போடுவார். சீலிங் நேராக இருக்கும்னு நம்ப மாட்டார். அடுத்து, கார்னிஸ் ஒட்டும் இடத்தில் இருக்கும் பெயிண்டையும் பொரியும் பட்டியையும் சுரண்டி எடுப்பார். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பெயிண்டுக்கு மேலே பசை தடவினால் பசை பிடித்திருப்பது பெயிண்டை மட்டும்தான். பெயிண்ட் உரிந்தால் கார்னிஸும் சேர்ந்து வரும். பிஓபி என்றால் சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். காய்ந்த சுவர் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது. எடை கூடிய துண்டுகளுக்கு பசையோடு பிளக் வைத்து ஸ்குரூவும் வேண்டும்.

கை பழக்கம் தெரிவது மூலையில். இரண்டு துண்டும் 45 டிகிரியில் வெட்டினால் 90 டிகிரி மூலைக்குப் பொருந்தும். ஆனால் நிஜ வீட்டில் மூலை சரியாக 90 இருப்பது அபூர்வம். 92 இருந்தால் ஒவ்வொரு துண்டையும் 46-ல் வெட்ட வேண்டும். அளந்து வெட்டுகிறாரா, வெட்டிவிட்டு இடைவெளியைப் பட்டியால் அடைக்கிறாரா என்று பாருங்க. அப்படி அடைத்த பட்டி காய்ந்து சுருங்கும்போது அங்கேதான் முதல் விரிசல் வரும்.

ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளே

இதில் போர்டைத் தாங்குவது ஜிஐ ஃபிரேம். போர்டு ஸ்குரூ ஆகிற சட்டங்கள் பொதுவாக 18 அங்குலத்துக்கு ஒன்று, அதைத் தாங்கும் மேல் சட்டங்கள் 4 அடிக்கு ஒன்று வரும். சட்டத்தை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் இந்த 18-ஐ 24 ஆக்குவார். போர்டை மூடின பிறகு யாராலும் எண்ண முடியாது. டேப் எடுத்து அளந்து பார்க்க உங்களுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

அடுத்து ஃபேன். ஃபேன் கான்கிரீட்டில் இருக்கும் கொக்கியில்தான் தொங்க வேண்டும். போர்டிலோ ஜிஐ சட்டத்திலோ தொங்கவே கூடாது. சுற்றுகிற பொருளின் ஆட்டத்தை அவை தாங்காது. சீலிங் இறங்கியதற்கு ஏற்ப நீளமான ராடு வாங்கி, போர்டில் ஓட்டை போட்டு ராடைக் கொண்டு வர வேண்டும். கனமான தொங்கு விளக்குக்கும் இதே விதிதான்.

வயர் எல்லாம் பைப்புக்குள் போக வேண்டும், போர்டின் மேலே சும்மா கிடக்கக் கூடாது. ஏசி தண்ணீர்க் குழாய் உள்ளே போனால், அந்த இடத்தில் திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுங்க. எல்ஈடி ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் தரும் டிரைவரும் ஒரு நாள் கெட்டுப்போகும். அது கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வேளச்சேரி பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்றேன். ஃபிரேம் முடிந்திருந்த நாளில் வீட்டுக்கார அம்மா பார்க்க வந்தாங்க. வெறும் கம்பியா இருக்கேன்னு உடனே கிளம்பப் பார்த்தாங்க. மேஸ்திரிதான் நிறுத்தினார். "மேடம், இப்ப போட்டோ எடுத்துக்கோங்க. நாளைக்கு மூடிடுவேன். அப்புறம் எந்தப் பைப் எங்க போகுதுன்னு நானே வந்தாலும் சொல்ல முடியாது." அவங்க நாலு மூலையிலிருந்தும் வீடியோ எடுத்தாங்க. எட்டு மாசம் கழித்து ஏசி குழாய் அடைத்தபோது, அந்த வீடியோவைப் பார்த்து சரியான இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி வேலையை முடித்தோம். இல்லையென்றால் பாதி சீலிங்கைப் பிரித்திருக்க வேண்டும்.

பணம் எப்படிக் கணக்காகிறது?

கார்னிஸுக்கு ரன்னிங் அடி, ஃபால்ஸ் சீலிங்குக்கு சதுர அடி. 10-க்கு 12 அறை என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. கார்னிஸ் துண்டு 8 அடி என்றால் கணக்குப்படி 6 துண்டு போதும். ஆனால் மூலை வெட்டு, டிசைன் பொருத்தம் எல்லாம் சேர்த்தால் 7 வாங்குவதுதான் நியாயம். அந்த ஒன்றை ஏமாற்று என்று நினைக்காதீங்க.

ஃபால்ஸ் சீலிங்கில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். அதே அறையில் ஓரமாக மட்டும் 2 அடி அகலத்துக்குப் போட்டால், நடுவில் 8-க்கு 6, அதாவது 48 சதுர அடி வெறும் ஸ்லாப். வேலை நடப்பது 72 சதுர அடியில். பில் 72-க்கா, முழு 120-க்கா? இறங்கி நிற்கும் பக்கவாட்டுப் பட்டை தனிக் கணக்கா? பெயிண்ட் சேர்ந்ததா? வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்க. பணத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது ஃபிரேம் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு என்று பேசி வையுங்க. மூடும் முன் உங்களைக் கூப்பிட அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

கிரகப்பிரவேசத் தேதி

நான் பார்த்த மோசமான சீலிங் வேலைகளில் பல, தேதிக்குப் பயந்து ஓட்டியவைதான். நாள் குறித்தாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, "இன்னும் மூணு நாள்ல முடிங்கண்ணே"ன்னு ஆரம்பிப்போம். பிஓபி தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அது காயும் முன் பெயிண்ட் அடித்தால் குமிழ் விடும், உரியும். ஜாயிண்ட் பட்டியும் ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகுதான் அடுத்தது போட வேண்டும். மழை மாசத்தில் இன்னும் நேரம் எடுக்கும்.

வேலை செய்கிறவங்களையும் யோசியுங்க. நாள் முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி, கையை மேலே தூக்கி நிற்கிற வேலை இது. கான்கிரீட்டை டிரில் பண்ணும்போது வரும் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை. சரியான மாஸ்க், கண்ணாடி, ஆடாத சாரம் இருக்கான்னு கேளுங்க. ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறினால் நிறுத்தச் சொல்லுங்க. அவசரப்படுத்தினால் முதலில் விட்டுப்போவது இந்தப் பாதுகாப்பு, அடுத்தது அந்தச் சுரண்டல் வேலை.

சீலிங் போடப்போறீங்கன்னா உங்க கேலண்டரில் கிரகப்பிரவேசத்தோடு இன்னொரு தேதியையும் குறித்து வையுங்க: ஃபிரேம் முடிந்து, போர்டு ஏறாத நாள். அன்றைக்கு அரை நாள் லீவ் போட்டாலும் பரவாயில்லை. கையில் டேப், போன், கூடவே உங்க எலக்ட்ரீஷியன். கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.