ரிட்சி தெருவில் ஹாம் ரேடியோ வாங்கப் போகிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களுக்கு முதல் ஒரு மாதம் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். அதன் பிறகு 'இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?' என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதில் ரேடியோ. உங்கள் கம்ப்யூட்டரையே ஒரு ரேடியோ ரிசீவராக மாற்றலாம். அதற்கு என்ன வாங்க வேண்டும், எதில் ஏமாறக் கூடாது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படி இதில் நுழைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் ஊர் சடையங்குப்பம். புழல் ஏரியைத் திறந்தால் உபரி நீர் எங்கள் பக்கமாகத்தான் எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும். அன்று ஊரைச் சுற்றிலும் தண்ணீர். நானோ பெருங்குடியில் நண்பனின் அறையில் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்குப் போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரல்தான். ஒன்றரை நாள் கழித்துத்தான் அம்மா சித்தப்பா வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்தது. சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர், பக்கத்து ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேச வழியில்லை!

செல்போன் ஏன் செத்துப்போகிறது? டவருக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியும் ஜெனரேட்டரும் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் கொண்டு போக வழி இருக்காது. டவரை இணைக்கும் கேபிள் அறுந்தாலும் அதே கதிதான். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் நடுவில் டவர் கட்டாயமில்லை. ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவினருடன் போர்ட் பிளேயருக்கு ரேடியோ இயக்கப் போயிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தபோது அந்தமானிலிருந்து செய்தி அனுப்ப உதவியது அவர்களது ரேடியோதான்.

கடைக்குப் போன கதை

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிட்சி தெருவுக்கு நடந்தேன். (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.) கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தத் தெரு பழக்கமாகத்தான் இருக்கும். ரேடியோ சாமான் விற்பவை பெரிய ஷோரூம்கள் அல்ல. உள்ளே தள்ளி இருக்கும் சின்னக் கடைகள். மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் டப்பாக்களில் கனெக்டர்கள், சுருள் சுருளாகக் கேபிள்.

ஒரு கடையில் வாக்கி டாக்கி கேட்டேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, லைசன்ஸ் இருக்கா?" என்றார். "இல்லண்ணே." "அப்போ எடுத்துட்டு வா. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றார். இரண்டு கடை தள்ளி ஒருவர் எதுவும் கேட்காமல் செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நல்லவேளை, முதல் கடைக்காரர் பேச்சு காதில் இருந்தது.

விஷயம் இதுதான். பாஃபெங் யூவி-5ஆர் போன்ற கைச் செட்கள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400க்கு மேலும் ஒலிபரப்பும். நம் நாட்டில் ஹாம்களுக்கு ஒதுக்கியது அதில் 144-146, 434-438 என்ற துண்டுகள் மட்டுமே. மீதியில் கப்பல்கள், போலீஸ் என்று பலர் இருக்கிறார்கள். தெரியாமல் பட்டனை அமுக்கினால் அவர்கள் பேச்சைக் கெடுப்பீர்கள். எங்கள் ஊர் மாதிரி துறைமுகத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. லைசன்ஸ் தேவையில்லாத வாக்கி டாக்கியும் உண்டு, ஆனால் அது 446.0-446.2 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் குறைந்த சக்தி செட். இணையக் கடைகளில் எல்லாமே 'லைசன்ஸ் வேண்டாம்' என்று விற்கப்பட்டதால், 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு விதிகளை வெளியிட்டது.

முதலில் கேளுங்கள், பிறகு பேசலாம்

அன்று நான் வாங்கியது பென்டிரைவ் அளவுள்ள ஓர் 'ஆர்டிஎல்-எஸ்டிஆர்' டாங்கிள். டிவி பார்ப்பதற்காகச் செய்த சாதனம் இது. உள்ளே இருக்கும் சிப் ரேடியோ அலையை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியே அப்படியே தரும் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அந்த எண்களிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது உங்கள் கம்ப்யூட்டரின் வேலை. ஆர்820டி ட்யூனர் உள்ளதாக வாங்கினால் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். இது ஒலிபரப்பாது.

விண்டோஸில் செருகினால் அது டிவி டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதை மாற்ற 'ஸாடிக்' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் 'லிஸ்ட் ஆல் டிவைசஸ்' கிளிக் செய்து, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தேர்ந்தெடுத்து, வின்யூஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். பட்டியலில் உங்கள் மவுஸ், கீபோர்டும் தெரியும். அவசரத்தில் அவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மவுஸ் வேலை செய்யாது! பிறகு 'எஸ்டிஆர் ஷார்ப்' புரோகிராமைத் திறந்து 93.5இல் வைத்துப் பாருங்கள். சூரியன் எஃப்எம் கேட்டால் எல்லாம் சரி. ஹாம்களின் பேச்சுக்கு 144-146க்குப் போய், 'நேரோ எஃப்எம்' தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கான தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பழைய கட்டுரைகளில் நோவா வானிலை செயற்கைக்கோள்களின் படத்தைப் பிடிக்கலாம் என்று இருக்கும். அந்த வரிசையில் மிஞ்சியிருந்த மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேபிளும் கனெக்டரும்

பணம் வீணாவது இங்கேதான். டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். ரேடியோவுக்கு வேண்டியது 50 ஓம், அதாவது ஆர்ஜி-58 போன்றது. வெறுமனே கேட்பதற்கு டிவி கேபிளும் சமாளிக்கும். ஒலிபரப்புவதற்கு 50 ஓம்தான் சரி. 'மாடிக்குத்தானே, 30 மீட்டர் கொடுங்க' என்று வாங்காதீர்கள். ஆர்ஜி-58இல் 145 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும்.

அடுத்தது கனெக்டர். எஸ்எம்ஏ, பிஎன்சி என்று பல வகை, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உண்டு. டாங்கிளில் இருப்பது பெரும்பாலும் எஸ்எம்ஏ பெண். யூவி-5ஆர் செட்டிலோ ஆண். நான் நினைவிலிருந்து சொல்லி வாங்கி, இரண்டு முறை அலைந்தேன். செட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

ஆன்டெனாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் வரும். 145க்கு சுமார் 52 சென்டிமீட்டர். உலோகத்துக்காக ஐந்து சதவீதம் குறைத்தால் 49. இந்த அளவில் ஐந்து செம்புக் கம்பிகள், ஒன்று மேல்நோக்கி, நான்கு கீழே சாய்வாக. மாடியில் அம்மாவின் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பேய் கேபிள்

டாங்கிளில் கேட்டுக்கொண்டே படித்து, 'ரெஸ்ட்ரிக்டட்' நிலைத் தேர்வு எழுதினேன். ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும்தான் பாடம், மோர்ஸ் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்ததும் பெரியவர் கடைக்கே போனேன். காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் செட்டை எடுத்தார்.

செட்டில் அலைவரிசைகளைக் கையால் ஏற்றுவது தலைவலி. ரிப்பீட்டர் மூலம் பேச அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என இரு அலைவரிசை, அதோடு ஒரு டோன். 'சிர்ப்' என்ற இலவச புரோகிராமில் இவற்றை எக்ஸெல் மாதிரி நிரப்பி, யூஎஸ்பி கேபிளில் அனுப்பிவிடலாம். மிச்சம் பிடிக்க நினைத்து, வேறொரு கடையில் மலிவான கேபிள் வாங்கினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், 'கோட் 10'. செட் பழுதோ என்று ஓர் இரவு முழுக்க விழித்திருந்தேன். கேபிளுக்குள் இருந்தது பிஎல்2303 சிப்பின் போலி. புதிய டிரைவர்கள் போலியைக் கண்டுபிடித்து இயங்க மறுக்கும். பழைய டிரைவர் போட்டால் சில சமயம் ஓடும், விண்டோஸ் அப்டேட் வந்ததும் மறுபடி நின்றுவிடும். கடையில் 'எஃப்டிடிஐ' அல்லது 'சிஎச்340' சிப் உள்ள கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இன்னொரு செட் வாங்கி அம்மா கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது முடியாது. பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் லைசன்ஸ் வேண்டும். நேராகப் பேசினால் கைச் செட்டின் 5 வாட் பெருங்குடிவரை எட்டுவதும் நிச்சயமில்லை, ரிப்பீட்டர் உதவ வேண்டும். தேர்வு எழுத 12 வயது ஆனால் போதும். சித்தப்பா மகன் ஒன்பதாவது படிக்கிறான், இப்போது என் புத்தகம் அவனிடம்தான். "ஓம் விதி எனக்கு வருதுண்ணா, அந்த ஆன்டெனா கணக்குதான் வரல" என்று நேற்று இரவு கேட்டான். 75ஐ வகுக்கச் சொல்லி, ஐந்து அலைவரிசைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.