ஒன்று நின்றால் ஒன்பது நிற்கும்

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நெல்லுக்கு மேலுரம், கத்தரிக்கு மருந்து என்று பேசுகிற நான், இன்றைக்குக் கரண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது மின் வாரியத்துக்காரர் வேலையாச்சே, உமக்கு என்ன ஐயா அதில்?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னை விழுந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். அதோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் சாய்ந்தன. மறுநாள் காலையில் சனங்கள் முதலில் தேடியது தண்ணீரை. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைக்கலாம் என்றால் டீசல் வேண்டும். டீசல் பங்கிலும் பம்பு ஓடக் கரண்ட் வேண்டும். ஆளைக் கூப்பிடலாம் என்றால் செல்போன் கோபுரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கறந்த பாலைக் குளிரூட்ட வழியில்லை. பார்த்தீர்களா? போனது ஒன்று, நின்றது எத்தனை!

அப்போது நான் போயிருந்த ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. "இது இனி எதற்கு?" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தன். அந்தத் தெருவில் ஒரு பெரியவர் மட்டும் வருஷா வருஷம் வாஷர் மாற்றி வைத்திருந்தார். புயலுக்குப் பிறகு அந்த ஊர் தண்ணீர் குடித்தது அந்த அடிபம்பில்தான். அன்றைக்கு நான் படித்த பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

களத்தில் பிணையல் மாடு கட்டிப் போரடித்ததை வயசானவர்கள் பார்த்திருப்பீர்கள். பிணைத்த மாடுகள் எல்லாம் ஒரே நடையாக நடக்க வேண்டும். ஒன்று இடறினால் பக்கத்து மாட்டின் கழுத்தில் கயிறு இறுகும். மின்நிலையங்களையும் அப்படித்தான் பிணைத்திருக்கிறார்கள். நெய்வேலியில் உற்பத்தியாகும் கரண்டும், வடநாட்டில் உற்பத்தியாகும் கரண்டும் நொடிக்கு 50 துடிப்பு என்ற ஒரே தாளத்தில் ஓட வேண்டும். பளு கூடினால் துடிப்பு குறையும். மிகவும் குறைந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும். அப்புறம் மிச்சம் இருப்பவற்றின் மேல் பளு இன்னும் ஏறும்.

2012 ஜூலையில் இது கண்முன்னே நடந்தது. அந்த வருஷம் பருவமழை பிந்தியது. வெயிலும் கடுமை. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லைக் காப்பாற்ற விவசாயிகள் பம்புசெட்டுகளை ஓட்டினார்கள், நகரங்களில் ஏ.சி. ஓடியது. பீனா, குவாலியர் ஊர்களுக்கு இடையிலான 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு இணைப்பை மேம்பாட்டு வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்றதன் மேல் பளு ஏறியது. ஜூலை 30, இரவு 2 மணி 33 நிமிஷம். கம்பியில் பழுது எதுவும் இல்லை. ஆனால் பளு மிகுந்ததைப் பழுது என்று எடுத்துக்கொண்டு காவல் கருவி அந்தப் பாதையைத் துண்டித்துவிட்டது. ஒரு வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்ந்து அதன் கரையையும் உடைக்கும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பாதையாக விழுந்து, வட இந்தியத் தொகுப்பு முழுதும் இருண்டது. சரிசெய்து மூச்சு விடுவதற்குள், மறுநாள் ஜூலை 31 பகல் 1 மணிக்கு மறுபடியும் சரிந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. சுமார் 300 ரயில்கள் நின்றன. மேற்கு வங்காளத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்த சுமார் 200 தொழிலாளர்கள், லிப்ட் ஓடாமல் உள்ளேயே சிக்கிப் பிறகு வெளியே வந்தார்கள்.

இது விவசாயி செய்த குற்றமா? இல்லை. விசாரணைக் குழு சொன்னது இதுதான்: பல பாதைகள் ஒரே சமயத்தில் நிறுத்தப்பட்டிருந்தன, சில மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் எடுத்தன, "குறையுங்கள்" என்று மேலிருந்து சொன்னபோது போதிய அளவு குறைக்கவில்லை. முறைத் தண்ணீரில் கடைமடைக்காரனை நினைக்காமல் மதகைத் திறந்து வைத்திருந்த கதைதான்.

அன்றைக்கு நம் தென் மாநிலத் தொகுப்பு தனித் தாளத்தில் ஓடியதால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக நாமும் அந்தப் பிணையலில் சேர்ந்துவிட்டோம். அதனால் நமக்குக் குறைந்தால் அங்கிருந்து வரும். நம் காற்றாலை மின்சாரம் அங்கே போகும். நல்லதுதான். ஆனால் உறவு என்று வந்தால் உதவியும் வரும், உபத்திரவமும் வரும்.

தானாக விழுவது ஒருவகை. வேண்டுமென்றே தள்ளிவிடுவது இன்னொரு வகை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டில், மின் நிறுவனங்களின் கம்ப்யூட்டருக்குள் விஷமிகள் தொலைவிலிருந்தே புகுந்து சுவிட்சுகளைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போயிற்று. சில மணி நேரத்தில் திரும்பியது எப்படி? ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் ஓடிப்போய்க் கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள். கைப்பழக்கம் மறக்காதது காப்பாற்றியது. நம் ஊர் அடிபம்பும் அதே கதைதானே?

சரி, நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, மோட்டாரின் அளவு. உங்கள் வயலோரம் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 எச்.பி. மோட்டார் 12 இருந்தால் 60 எச்.பி. ஒரு எச்.பி.க்குத் தோராயமாக ஒரு கே.வி.ஏ. என்று கணக்கிட்டால் அப்போதே விளிம்பில் நிற்கிறது. "நிலத்தடி நீர் இறங்கிவிட்டது" என்று ஒவ்வொருவரும் சொல்லாமல் கொள்ளாமல் 7.5 எச்.பி. மாட்டினால் 90 எச்.பி. ஆகிவிடும். டிரான்ஸ்பார்மர் எரிவது கதிர் வருகிற சமயத்தில்தான். பன்னிரண்டு பேர் பயிரும் காயும். அளவைக் கூட்ட வேண்டுமானால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கரண்ட் வந்தவுடன் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பக் கூடாது. நேரடியாகக் கிளம்பும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கு ஒரு நிமிஷம், அடுத்தவருக்கு இரண்டு நிமிஷம் என்று பேசித் தாமதம் வைத்துக்கொள்ளுங்கள். செலவு இல்லாத வேலை.

மூன்றாவது, மரம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்கள். ஓகையோ மாநிலத்தில் பளு ஏறித் தொய்ந்த கம்பிகள், கழிக்காமல் விட்ட மரங்களில் உரசியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கம்பிக்கு அடியில் தென்னம்பிள்ளை வைக்காதீர்கள். ஓங்கிய கிளையை மின் வாரியத்துக்குச் சொல்லிக் கழிக்கச் செய்யுங்கள். நீங்களே அரிவாள் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

நான்காவது, காவல். செம்புக்காக டிரான்ஸ்பார்மரை உடைக்கிறவனும், கேபிளை அறுக்கிறவனும் தாக்குகிறது ஒரு ஆளை அல்ல, ஊரை. இரவில் அங்கே வேற்று வண்டி நின்றால் சும்மா போகாதீர்கள். செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், உங்கள் எண்ணுக்கு மட்டும் கட்டுப்படும்படி அமைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் கை சுவிட்சும் வேலை செய்ய வேண்டும்.

கடைசியாக, மாற்று வழி. ஊரில் ஒரு அடிபம்பாவது ஓடட்டும். ஒரு ஆயில் என்ஜின் துருப்பிடிக்காமல் இருக்கட்டும். மாதம் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வையுங்கள். அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பத்து நாள் கரண்ட் இல்லாவிட்டால் நம் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?" பதில் தெரியாவிட்டால், அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

அந்த அடிபம்புப் பெரியவரிடம், "எப்படி ஐயா இதை விடாமல் பார்த்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "வாஷர் என்ன விலை தம்பி? தாகம் என்ன விலை?" என்றார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.