செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் 'டக்' என்று தாவுகிறதா? கடைக்குப் போவதற்கு முன் ஓர் அடிஸ்கேலை எடுங்கள்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளின் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். செயினை விறைப்பாக வைத்து அளந்து பாருங்கள். அரை நூல் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். ஒரு நூல் கூடிவிட்டால் பற்களும் கெட்டிருக்கும்.

இரும்பு நீள்வதில்லை. பின்னும் அது நுழையும் துளையும் தேய்ந்து, கண்ணிகள் விலகுகின்றன. அந்தச் செயினோடு ஓடிய பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைகிறது. அதில் புதுச் செயின் சரியாக உட்காராது. அப்போது முன்னாலுள்ள செயின் வீல், பின்னாலுள்ள ஃப்ரீவீல், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃப்ரீவீலைக் கழற்றத் தனிக் கருவி தேவை; அந்த வேலையைக் கடையில் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பல்லை எண்ணுங்கள். 44 பல் இருந்த இடத்தில் 48 போட்டால் மிதி கனக்கும், செயினும் பழைய நீளத்தில் போதாது.

விலை குறைந்த சைக்கிள்களில் செயின் வீல் பெரும்பாலும் வலது கிராங்கோடு ஒட்டியே வரும். அதை அச்சில் பிடித்து வைத்திருப்பது காட்டர் பின். அதன் நட்டை மரையின் நுனிவரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, நட்டின் மேல் ஓங்கி ஒரே அடி. தட்டித் தட்டி அடித்தால் மரைதான் நசுங்கும். புதுப் பின் போட்டதும் பெடல்களைக் கிடைமட்டமாக நிறுத்திப் பாருங்கள்: ஒரு பக்கத்து நட்டு மேலேயும் மறு பக்கத்து நட்டு கீழேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் வராது.

புதுச் செயினைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து நீளம் பார்க்காதீர்கள், பழையது விலகியது. கண்ணியை எண்ணி வெட்டுங்கள். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். பின்சக்கரத்தை நேராக இழுத்து வைத்து, செயினின் நடுவில் அரை அங்குலம் ஆடும்படி நட்டுகளை முறுக்குங்கள்.

இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் காட்டர் நட்டை மறுபடி இறுக்குங்கள். புதுப் பின் அழுந்தி உட்கார்ந்ததும் அது தளரும். லூசான பின்னோடு ஓட்டினால் கிராங்கின் துளையே பெரிதாகி, புதிதாக வாங்கிய செயின் வீல் வீணாகும்.