குறட்டை பரம்பரையாக வருமா?

போன மாதம் கத்திவாக்கத்தில் குழுக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும்போது ஒரு அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தோம், நாங்களும்தான். விழித்ததும் அவர், "எங்கம்மாவும் இப்படித்தான், எங்கண்ணனும் இப்படித்தான். ராத்திரி குறட்டை, பகல்ல தூக்கம். சோம்பேறி வம்சம்னு பேசுறாங்க" என்றார். அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இது சோம்பேறித்தனம் இல்லை. 'ஸ்லீப் ஆப்னியா' என்ற தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. 10 வினாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். ஆள் 'கர்' என்று மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். நோய் கடுமையானால் மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடக்கும். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இரத்த அழுத்தமும் ஏறும்.

அக்கா சொன்ன வம்சக் கதையில் உண்மை இருக்கிறது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இதற்கென்று ஒரே ஒரு மரபணு கிடையாது. பரம்பரையாக வருவது பெரும்பாலும் உடல்வாகு: சின்னத் தாடை, உள்வாங்கிய மோவாய், பெரிய நாக்கு, தடித்த கழுத்து, சீக்கிரம் எடை போடும் உடம்பு. தாடை அமைப்பினால் ஒல்லியானவர்களுக்கும் வரும். "நான் குண்டா இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம்.

2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்ததில், இந்தியாவில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 11 பேருக்கு இது இருப்பதாகத் தெரிந்தது. ஆண்களில் 13, பெண்களில் 5. மாதவிடாய் நின்றபின் நமக்கும் கூடும். பெண்களுக்குச் சத்தமான குறட்டை இல்லாமல் அசதி, காலைத் தலைவலி, தூக்கம் கலைவது என்றும் வரலாம். வேலை அலுப்பு என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

தாடையை மாற்ற முடியாது. எடையைக் குறைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், குடியை நிறுத்தலாம். தேவைப்பட்டால் காற்றழுத்த முகமூடிக் கருவி உண்டு. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டலாம். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

"லீவு போட்டா அன்னிக்கு வருமானம் போயிடும்" என்று அண்ணன் மறுத்தாராம். அண்ணி ஒரு ராத்திரி செல்போனில் பதிவு செய்து, மூச்சு நின்ற இடத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை அம்மா, அண்ணன், அக்கா மூவரும் போகிறார்கள்.