தடமும் பன்றியும்

"மாமா, முந்நூறுக்கு மேல போட்டிருக்கு. ஒண்ணு தாண்டுனாலே நோய்னு கீழ அச்சடிச்சிருக்கான். அப்பம் எனக்கு முத்திப்போச்சா?"

கட்டன் சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். எச்.ஐ.வி. சோதனை செய்த ஆய்வகத் தாள் நாலாக மடிந்து, மடிப்பில் வியர்வை ஊறிக் கிடந்தது. அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்து உறக்கம் தொலைப்பவர்கள் வேறு பலரும் உண்டு.

வாழை வைத்தவர்களுக்குத் தெரியும். விடியலில் தோப்புக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது காட்டுப்பன்றியின் தடம். தடம் இருந்தால் பன்றி வந்தது உறுதி. ஆனால் தடத்தின் ஆழத்தை அளந்து எத்தனை மூடு வாழை போயிற்று என்று சொல்ல முடியுமா? அதற்கு வாழையைத்தான் எண்ண வேண்டும்.

எச்.ஐ.வி. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான் இந்தத் தடம். பெரும்பாலோருக்குக் கிருமி புகுந்த மூன்று மாதத்துக்குள் ரத்தத்தில் தெரிந்துவிடும். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதும் தேடியது இதைத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

தாளில் உள்ள எண், கருவி கண்ட ஒளியின் அளவை ஓர் எல்லை அளவால் வகுத்து வந்தது. எல்லையைத் தாண்டியதா என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்கக் கூடாது. நோய் எவ்வளவு முற்றியது என்பது அதில் இல்லை.

எதிர்ப்பொருளை வைத்து நோயின் போக்கைக் கணித்த காலமும் உண்டு. வைரஸை எண்ணும் சோதனை வராத 1980-களில், கிருமியின் உள்கூட்டிலுள்ள பி24 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை மருத்துவர்கள் கவனித்தார்கள். பலருக்கு அது கூடியபோதல்ல, குறைந்தபோதுதான் நோய் முற்றியது. பெருகிய வைரஸ் புரதம் எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். அதை உண்டாக்கத் துணை நிற்கும் சிடி4 அணுக்களும் அழிந்துகொண்டே வரும். ஆனால் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் கடைசிவரை நிற்கும். எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருளும் ஆளுக்கு ஆளும் இப்படி மாறியதால் அந்தக் கணிப்பு நிலைக்கவில்லை.

இன்று வாழையை எண்ணுவது சிடி4 சோதனை. இருநூறுக்குக் கீழே போனால் பெருங்கவனம் வேண்டும். பன்றியை எண்ணுவது வைரல் லோடு சோதனை. கூட்டு மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டால் வைரஸ் கருவிக்கே தெரியாத அளவுக்கு அடங்கும். அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. ஆனாலும் தடம் அழியாது, எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். மருந்து பலிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

"வெப்ராளப்படாத மக்கா. இந்த ஒரு தாளை வச்சு எதையும் முடிவுகட்டாண்டாம். அரசாங்க நம்பிக்கை மையத்துல வேற வேற கிட்டுல மூணு தடவ பாத்துத்தான் உறுதி சொல்லுவாவ. காசு கிடையாது. உன் பேர வெளிய சொல்லவும் கூடாது, 2017-லயே சட்டம் போட்டாச்சு. உறுதின்னா அண்ணைக்கே மருந்துக்கு வழி உண்டு, சிடி4 குறையட்டும்னு காத்திருக்காண்டாம்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"காலையில ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாறேன்."