கணிப்பொறியில் மலையாள எண்குறிகள்

முன்னுரை

எழுத்தைப் போலவே எண்ணுக்கும் தனி வரிவடிவங்களைப் படைத்துக்கொண்ட மொழிகள் பல. மலையாளமும் அவற்றுள் ஒன்று. கேரளத்தின் அன்றாட வழக்கில் இன்று 1, 2, 3 என்னும் பொது எண்களே வழங்குகின்றன. ஆயினும் பழைய ஓலைகளிலும் நிலம் பற்றிய ஆவணங்களிலும் மலையாளத்துக்கே உரிய எண்குறிகள் காணப்படுகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுங்கால் பொருள் திரியாமல் காப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

குறியெண்ணும் வடிவும்

ஒருங்குறி என்னும் உலகப் பொதுத்தரம் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியெண்ணை வழங்குகிறது. கோப்பில் சேமிக்கப்படுவது அக்குறியெண்ணே. திரையில் வடிவத்தைத் தருவது எழுத்துரு. மலையாளத்துக்கு 3328 முதல் 3455 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 3430 சுழியம், 3431 ஒன்று, இவ்வாறே சென்று 3439 ஒன்பது. பொது எண்ணாகிய 0 என்பதன் குறியெண்ணோ 48. யுடிஎஃப்-8 முறையில் இதற்கு ஒரு பைட்டு போதும். மலையாளச் சுழியத்துக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் கணிப்பொறிக்கு வெவ்வேறானவை.

பத்து, நூறு, ஆயிரம்

பழைய முறையில் சுழியமின்றியே பேரெண்களை எழுதினர். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன. தமிழிலும் இம்முறை உண்டாதலின் நமக்கு இது எளிதில் விளங்கும். 2016 என்பதை ௨௲௰௬ என எழுதினால், இரண்டு ஆயிரம், பத்து, ஆறு என்று பொருள்படும்.

இக்குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்ற வரலாறு சுவையானது. தமிழுக்குப் பத்து, நூறு, ஆயிரம் முதலில் அமைந்தன. சுழியம் 2005-ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. மலையாளத்துக்கோ சுழியம் முன்னரே இருந்தது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவை 2008-ஆம் ஆண்டில் சேர்ந்தன. அவற்றுடன் கால், அரை, முக்கால் என்னும் பின்னங்களும் வந்தன. மாகாணி (1/16), அரைக்கால் (1/8), ஒருமா (1/20), நாலுமா (1/5) முதலிய பத்துச் சிறு பின்னங்கள் 2016-இல் இடம்பெற்றன. இப்பெயர்கள் தமிழர் வாய்ப்பாட்டுக்கும் உறவுடையவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். ஓர் இலக்கத்தின் குறியெண்ணிலிருந்து 3430-ஐக் கழித்தால் அதன் மதிப்புக் கிடைக்கும். பத்தின் குறியெண் 3440 ஆதலின் அதற்கும் இக்கணக்குப் பொருந்திவிடும். ஆனால், நூறின் குறியெண் 3441. அதில் 3430-ஐக் கழித்தால் வருவது 11! ஆதலால் ஒவ்வொரு குறிக்கும் உரிய மதிப்பை ஒருங்குறியின் அட்டவணை தனியே உரைக்கிறது. நிரல் எழுதுவோர் அதனையே துணைக்கொள்ளல் வேண்டும்.

காலும் சுழியமும்

மலையாளச் சுழியம் முட்டை வடிவினது. ஆயினும் ஒருங்குறியின் முற்கால வடிவப் பட்டியலில், சுழியத்துக்குரிய இடத்தில் கால் என்னும் பின்னத்தின் வடிவம் தவறுதலாக அச்சாகிவிட்டது. பின்னர் அது திருத்தப்பட்டது. எனினும் அப்பிழையைப் பின்பற்றும் எழுத்துருவில், கோப்பில் சுழியம் இருக்க, திரையில் கால் தோன்றும். அதனைக் கண்டு, ஆவணத்திலுள்ள கால் பங்கைச் சுழியத்தின் குறியெண்ணால் ஒருவர் பதிந்துவிட்டால் என்னாகும்? பார்வைக்குப் பிழை புலப்படாது. கணக்கிலோ உரியவரின் பங்கே இல்லாமற் போகும்.

முடிவுரை

வடிவ ஒப்புமையால் நேரும் மயக்கம் தமிழுக்கும் உண்டு. க என்னும் எழுத்தின் குறியெண் 2965. ஒன்று என்னும் எண்ணாகிய ௧-இன் குறியெண் 3047. ஒன்றை இட வேண்டிய இடத்தில் மற்றொன்றை இட்டால் படிப்பவர் உணரார். தேடுங்கால் அது கிட்டாது. கூட்டுங்கால் அது கணக்கில் வாராது. முன்னோர் ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் மாணவர்கள், வடிவத்தைக் கண்டு நிறைவுறாது குறியெண்ணையும் சரிபார்த்தல் வேண்டும். மூல ஏட்டின் படத்தையும் உடன்வைத்துக் காத்தல் வேண்டும். ஒரு குறியைச் செவ்வனே பதிவது, அதன்பின் நிற்கும் ஒருவரின் உரிமையைக் காப்பதாகும்.